இருக்கா, இல்லையா

— வேற சிஸ்டர் யாருமே இல்லையா இந்த ஆஸ்பத்திரியில?

— இருந்தா நான் ஏன் வரேன்? பக்கத்து வார்டுல ரெண்டு பேர் வலியில கத்திக்கிட்டு இருக்காங்க, ஒருத்தி அங்க. இன்னொருத்தி லீவு. மிச்சம் நான்தான். மருந்து பாட்டில் தீர்ந்துபோச்சு, மாத்தணும். நீ மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கோ, நான் இந்தப் பக்கம் வேலையைப் பார்த்துட்டுப் போயிடறேன்.

— நீங்க மாட்டுற மருந்து என் உடம்புல ஏற வேண்டாம்.

— ஏறினதாலதான் இப்ப இந்த வாய் பேசுற. முந்தாநாள் பேச்சு மூச்சு இல்லாம கிடந்தியே, மறந்துபோச்சா?

— அப்படியே போயிருந்தா உங்களுக்கு நிம்மதியா இருந்திருக்கும்.

— ஆமா, ஆமா. வார்டு பூரா மிட்டாய் வாங்கிக் கொடுத்திருப்பேன்.

— பாருங்க, மனசுல இருக்கறது வாயில வந்துடுச்சு.

— கிண்டல்கூட புரியாதா உனக்கு? அவர் எப்படித்தான் உன்கூட குடித்தனம் பண்றாரோ.

— "அவர்"னு சொல்லாதீங்க. அவர் இப்ப என் புருஷன்.

— தெரியுதும்மா. கல்யாணப் பத்திரிகை எனக்கும் வந்துச்சே. உன் மாமியார் மறக்காம அனுப்பி வெச்சாங்க, அதுவும் நான் வேலை செய்யற இந்த ஆஸ்பத்திரி விலாசத்துக்கு. நாலு பேர் பார்க்கணும்ல.

— உங்களுக்கும் மாமியார்தானே அவங்க.

— முன்னாள் மாமியார். அந்தப் பதவியெல்லாம் இப்ப உன் தலையில. நல்லா அனுபவி.

— எனக்குச் சிரிப்பு வரலை சிஸ்டர். போலீஸ்காரம்மா சாப்பிட்டுட்டு வரேன்னு சொல்லியிருக்காங்க. அன்னைக்கு இந்த ரூமுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு நான் சொல்லணுமாம்.

— சொல்லு.

— உள்ளதைச் சொல்லிடுவேன்.

— உள்ளதைத்தான் சொல்லணும். உள்ளது என்ன, எனக்கும் கொஞ்சம் சொல்லேன்.

— என் குழந்தைக்கு உயிர் இருந்துச்சு. என் காதால கேட்டேன். வயித்துல துடிப்பு கேக்கற அந்த டாப்ளர் மிஷினை வெச்சு நீங்க அழுத்தினீங்க. என் கடையில தையல் மிஷினை முழு வேகத்துல மிதிச்சா எப்படிச் சத்தம் வருமோ, அப்படி வந்துச்சு, கடகடன்னு. டாக்டரம்மா "சிஸ்டர், இருக்கா, இல்லையா?"ன்னு கேட்டாங்க. நீங்க இல்லைன்னு தலையாட்டினீங்க. உடனே என்னைத் தள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க. கண்ணு முழிச்சுப் பார்த்தா வயிறு காலி.

— முடிஞ்சுதா?

— முடியலை. இப்ப இருக்கற சட்டம் எனக்கும் தெரியும். துடிப்பு இருக்கற வரைக்கும் எந்த டாக்டரும் தொடக்கூடாது, தொட்டா அது கொலை. ஜெயில். அது தெரிஞ்சுதானே இல்லைன்னீங்க? இல்லைன்னு சொன்னாதானே அதை எடுத்துப் போட முடியும்? எல்லாம் வயித்தெரிச்சல்.

— இந்தக் கடைசி வார்த்தை உன் சொந்தச் சரக்கா, உன் மாமியார் சொல்லிக் கொடுத்ததா?

— அத்தைதான் கம்ப்ளைன்ட் கொடுத்தாங்க. திரைக்கு வெளியே நின்னுக்கிட்டு இருந்தாங்கல்ல, அவங்களுக்கும் அந்தச் சத்தம் கேட்டுச்சு.

— "நான் ஒண்ணும் சொல்லலைப்பா, எனக்கு எதுக்கு வம்பு"ன்னு ஆரம்பிச்சிருப்பாங்களே?

— ...அப்படித்தான் ஆரம்பிச்சாங்க.

— அப்புறம் ஒண்ணு விடாம எல்லாத்தையும் கொட்டியிருப்பாங்க.

— போலீஸ்காரம்மாவே போதும் போதும்னு கையெடுத்துக் கும்பிட்டாங்க. சிரிப்பு காட்டாதீங்க சிஸ்டர், தையல் போட்ட மாதிரி அடிவயிறு இழுக்குது.

— தையல் எதுவும் போடலை. உள்ளே புண்ணு, ஆறணும். முட்டியை மடக்கி வெச்சுக்கோ, இழுக்காது. அப்படித்தான். இப்ப நான் சொல்றதைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேப்பியா? கேட்டுட்டு என்னைத் தூக்குல போடணும்னாலும் போடு.

— சொல்லுங்க. காது சும்மாதானே இருக்கு.

— உனக்கு அஞ்சு மாசம்கூட ஆகலை. அதுக்குள்ள பனிக்குடம் உடைஞ்சு தண்ணியெல்லாம் போயிடுச்சு. அந்த மாசத்துல அது வெளியே வந்தா எந்த ஆஸ்பத்திரியிலயும் பிழைக்க வைக்க முடியாது. உள்ளேயும் தங்காது. இது எனக்குத் தெரியும், டாக்டரம்மாவுக்குத் தெரியும், அன்னைக்கே உங்கிட்டயும் சொன்னாங்க. ஆனா துடிப்பு நிக்கற வரைக்கும் கை வைக்கக்கூடாது. அப்ப எங்க வேலை என்ன? உன் கட்டில் பக்கத்துல நின்னுக்கிட்டு, அது எப்ப நிக்கும், எப்ப நிக்கும்னு காத்துக்கிட்டு இருக்கறது. அதுக்குள்ள கிருமி உள்ளே புகுந்துடுச்சு. உனக்கு அனலா கொதிச்சுது, உதடு நீலம் பாஞ்சுது. போன வருஷம் ஜன்னலோரக் கட்டில்ல ஒரு பொண்ணு இப்படித்தான் கிடந்தா. ஸ்கூல் டீச்சர். சட்டப்படி எல்லாம் சரியா செஞ்சோம். சட்டப்படி காத்திருந்தோம். துடிப்பு நின்னுச்சு, சட்டப்படி எடுத்தோம், அவளும் செத்துப்போனா. எங்க மேல ஒரு கேஸும் இல்ல. ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கலை.

— அதுக்காக இருக்கறதை இல்லைன்னு சொல்லுவீங்களா?

— நான் எங்க அப்படிச் சொன்னேன்? நீ கேட்டியே ஒரு சத்தம், அது உன்னோட சத்தம்டி. காய்ச்சல்ல உன் நெஞ்சு அந்த வேகத்துல அடிச்சுது. அந்த மிஷினுக்கு அம்மா யாரு, பிள்ளை யாருன்னு தெரியுமா? ஓடுற ரத்தம் எதுவா இருந்தாலும் சத்தம் போடும். அதுக்குத்தான் ஒரு கையால மிஷினைப் புடிச்சுக்கிட்டு இன்னொரு கையால பேஷன்டோட மணிக்கட்டைப் புடிப்போம். காதுல கேக்கறதும் விரல்ல அடிக்கறதும் ஒண்ணா இருந்தா அது அம்மாவோடது. தனித்தனியா இருந்தா பிள்ளையோடது. எங்களுக்குப் படிக்கும்போதே முதல்ல சொல்லிக் கொடுக்கற பாடம் இது.

— என் மணிக்கட்டைப் புடிச்சீங்களா?

— புடிச்சேன். ஒண்ணாத்தான் அடிச்சுது.

— எந்தக் கை?

— இடது கை. ஏன், உனக்கு ஞாபகம் இல்லையா?

— இடது கை.

— ஆமா.

— காய்ச்சல்ல கிடந்தேன். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.

— நம்ப மாட்டேன்னு சொல்ற.

— நான் எங்க அப்படிச் சொன்னேன்? ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எதுக்கெடுத்தாலும் ஸ்கேன் எடுக்கறாங்களே, அன்னைக்கு ஏன் எடுக்கலை? கீழ்த்தளத்துலதானே இருக்கு அந்த ரூம்?

— நல்ல கேள்வி. போலீஸுக்கே இன்னும் தோணலை, உனக்குத் தோணிடுச்சு. ஸ்கேன் எடுத்தா மிஷினுக்குள்ள பதிவாகிடும். நேரம், துடிப்பு, எல்லாம். காதுல கேட்டது பதிவாகாது. டாக்டரம்மா படிச்சவங்க, விவரமானவங்க. எடுங்கன்னும் சொல்லலை, வேண்டாம்னும் சொல்லலை. சுவத்துல இருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கிட்டே "இருக்கா, இல்லையா?"ன்னு என்னைக் கேட்டாங்க. அதுக்கு என்ன அர்த்தம்? "நீ சொல்லு, நான் செய்யறேன். நாளைக்கு யாராவது கேட்டா நீ சொன்னேன்னு சொல்லிடுவேன்." நேத்தே சொல்லிட்டாங்க. சிஸ்டர் சொன்னாங்க, நான் நம்பினேன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க.

— அப்ப நீங்க மட்டும்தான் மாட்டுவீங்களா?

— நீ "இருந்துச்சு"ன்னு ஒரு வார்த்தை சொன்னா இன்னைக்கு சாயங்காலமே நான் உள்ளே. பத்து வருஷமோ, மேலேயோ. எங்கம்மாவைப் பார்த்துக்க நாதியில்லை. சரி, அதை விடு. அது உன் கவலை இல்லை. அடுத்த கேள்வி உன்கிட்ட வரும், அதை மட்டும் யோசிச்சுக்கோ. துடிப்பு கேட்டுச்சே, அப்ப ஏன் வேண்டாம்னு நீ கத்தலைன்னு கேப்பாங்க.

— மிரட்டறீங்களா?

— மிரட்டலை. நான் பார்த்ததைச் சொல்றேன். நீ கத்தலை. "சிஸ்டர், எனக்குச் சாகப் பயமா இருக்கு, என்னைக் காப்பாத்துங்க"ன்னு சொன்னே.

— நான் சொன்னேனா?

— சொன்னே. குழந்தையைக் காப்பாத்துங்கன்னு சொல்லலை. என்னைன்னு சொன்னே.

— பொய்.

— சரி, பொய்.

— சிஸ்டர்.

— என்ன?

— அதை வீட்டுல யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.

— நான் யார்கிட்ட சொல்லப்போறேன்? அழாதே. அழுதா காய்ச்சல் திரும்ப ஏறும். தண்ணி குடி. மெதுவா. உன்னைத்தான் சொல்றேன், மெதுவா. யாரும் புடுங்கிக்கிட்டுப் போயிட மாட்டாங்க.

— அவர்கிட்டயும் நேத்து வாக்குமூலம் வாங்கினாங்க.

— என்ன சொன்னாராம்?

— "நான் மருந்து வாங்கக் கீழே போயிருந்தேன். திரும்பி வரும்போது எல்லாம் முடிஞ்சுடுச்சு"ன்னு சொல்லியிருக்கார்.

— அப்படியா சொன்னார்?

— அத்தையும் பக்கத்துல நின்னு, ஆமாம் ஆமாம்னு தலையாட்டினாங்களாம்.

— ம். பிள்ளை பெத்தவங்க. தலையாட்டத்தான் செய்வாங்க.

— நீங்க அதைப் பத்தி ஒண்ணும் சொல்லப்போறதில்லையா?

— நான் என்ன சொல்ல? அவர் சொன்னா சொன்னதுதான். எனக்கு எதுக்கு வம்பு. ஐயோ, உன் மாமியார் மாதிரியே பேசிட்டேன் பாரு.

— நான் இன்னொண்ணு கேப்பேன், கோவிச்சுக்கக் கூடாது.

— இதுவரைக்கும் கேட்டதுக்கே கோவிச்சுக்கலை, இனிமே என்ன?

— அன்னைக்கு உங்களுக்கு இந்த வார்டுல டியூட்டியே இல்லையாம். பெருக்குற அம்மா சொன்னாங்க. வேற ஒரு சிஸ்டர்கிட்ட கேட்டு மாத்திக்கிட்டு வந்தீங்களாம்.

— அவ வாயில ஊசிதான் போடணும்.

— ஏன் வந்தீங்க?

— பார்க்கணும்னு இருந்துச்சு.

— எதை?

— உன்னை. உன் வயித்தை. போதுமா? ஆமா, பொறாமைதான். இல்லைன்னு சொன்னா என் நாக்கு அழுகிப்போகும். நீ மாசமா இருக்கேன்னு கேள்விப்பட்ட அன்னைக்கு நான் சாப்பிடலை. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி நீ செக்கப்புக்கு வந்தே, பச்சைப் புடவை கட்டியிருந்தே. நான் மருந்து ரூம் கதவுக்குப் பின்னாடி நின்னு பார்த்தேன். ஒண்ணுமே தெரியாத வயித்து மேல கையை வெச்சுக்கிட்டு நடந்தியே, அந்தக் கையை வெட்டிப் போடணும் போல இருந்துச்சு.

— கடவுளே.

— நீதானே கேட்டே? கேட்டா வரும்.

— அப்படிப்பட்டவங்க என் வயித்துல மிஷினை வெச்சுக் கேட்டா, நான் எப்படி நம்பறது?

— பொறாமை வேற, வேலை வேற.

— வேறயா?

— வேறன்னுதான் நினைச்சுக்கிட்டு இருக்கேன்.

— எனக்கும் உங்க மேல பொறாமைதான் சிஸ்டர். நீங்க மட்டும்தான்னு நினைச்சுக்காதீங்க.

— என் மேலயா? நல்லா இருக்கே கதை. என்கிட்ட என்னடி இருக்கு? வாடகை வீடு, வெரிகோஸ் நரம்பு, விவாகரத்துப் பத்திரம்.

— கல்யாணமான புதுசுல அவர் சட்டையை மடிச்சு வெச்சேன். "அப்படி இல்ல, கையை உள்ளே விட்டு மடிக்கணும், அப்பதான் கசங்காது"ன்னு பிரிச்சு மடிச்சுக் காட்டினார். நான் தையக்காரி, எனக்குச் சட்டை மடிக்கத் தெரியாதா? யார் சொல்லிக் கொடுத்தான்னு கேட்டேன். பேச்சை மாத்திட்டார். காலையில அஞ்சு மணிக்கு எழுந்துடுவார். லிஃப்ட் ரிப்பேர் வேலை ஒன்பது மணிக்குத்தான். அஞ்சு மணிக்கு எதுக்கு எழுந்திருக்கணும்?

— எனக்குக் காலை டியூட்டி. ஆறு மணிக்குள்ள இங்க இருக்கணும்.

— எழுந்து டீ போடுவார். ரெண்டு கிளாஸ். நான் டீயே குடிக்க மாட்டேன். எத்தனை தடவை சொல்லியாச்சு. அப்பவும் ரெண்டு கிளாஸ். ஒண்ணைக் குடிச்சுட்டு இன்னொண்ணை ஆறவெச்சுட்டுப் போயிடுவார். தினமும் அதை ஊத்திக் கழுவறவளுக்குத்தான் தெரியும் அந்த எரிச்சல்.

— அந்த ரெண்டாவதுல சர்க்கரை போடறாரா?

— போட மாட்டார். அவரோடதுல மட்டும்தான் போடுவார்.

— எனக்குச் சர்க்கரை கிடையாது.

— பாருங்க உங்க மூஞ்சியை! அப்படியே பூரிச்சுப் போச்சு. இதுக்குத்தான் சொல்லாம வெச்சிருந்தேன்.

— பூரிக்கவும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆறிப்போன டீயை வெச்சு நான் என்ன பண்றது? இருந்தப்போ கொடுக்காதது இல்லாதப்போ எதுக்கு?

— நீங்க ஏன் அவரை விட்டுட்டுப் போனீங்க? "அவளுக்கு வேலைதான் பெருசு, குடும்பம் வேண்டாம்னு போயிட்டா"ன்னு சொன்னார்.

— அப்படியா சொன்னார்? நல்லா இருக்கட்டும்.

— நிஜம் என்ன?

— எனக்கு மூணும் தங்கலை. உனக்குத் தெரிஞ்சிருக்கும், உன் மாமியார் ஊருக்கே சொல்லியிருப்பாங்க. மூணாவது போனப்போ இந்தச் சட்டம் புதுசா வந்த நேரம். ரத்தம் போகுதுன்னதும் நான் வேலை பார்க்கற இடமாச்சேன்னு இங்கதான் வந்தேன். இவ நர்ஸு, மாத்திரை அலமாரி சாவி இவகிட்டதான் இருக்கு, தானே ஏதாவது முழுங்கியிருப்பான்னு யாரோ போட்டுக் கொடுத்துட்டாங்க. போலீஸ் வந்துச்சு. இன்னும் துணிகூட மாத்தலை நான். கட்டிலைச் சுத்தி நின்னுக்கிட்டு, என்ன மாத்திரை, எப்ப போட்டே, யார் கொடுத்தாங்கன்னு கேட்டாங்க. சத்தியமா சொல்றேன், அது வலிக்கலை. அவங்க வேலை அது. அலமாரியை எண்ணிப் பார்த்தாங்க, எல்லாம் சரியா இருந்துச்சு, போயிட்டாங்க. சாயங்காலம் அவர் வந்தார். வாசல்லயே நின்னுக்கிட்டு, "நிஜமாவே நீ ஒண்ணும் போட்டுக்கலையே?"ன்னு கேட்டார்.

— அவரா கேட்டார்?

— அவர்தான்.

— நீங்க என்ன சொன்னீங்க?

— உடம்பு தேறினதும் வக்கீலைப் பார்த்தேன்.

— வாசல்லயே நின்னா? உள்ளே வரலையா?

— எனக்கு மூணு தடவையும் அவர் அந்த வாசலைத் தாண்டலை. ரத்தம் பார்த்தா தலை சுத்தும்பார். சைக்கிள் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டு இருப்பார், யாராவது போய்ச் சொல்லணும், முடிஞ்சுடுச்சு வாங்கன்னு.

— ஒரு தடவைகூட உள்ளே வந்து உட்கார்ந்ததில்லையா?

— அதான் சொல்றேனே, இல்லைன்னு. திருப்பித் திருப்பிக் கேக்காதே.

— இல்ல, எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கணும்னுதான் கேட்டேன்.

— தெரிஞ்சு என்ன பண்ணப்போற? விடு. பூட்ஸ் சத்தம் கேக்குது, வந்துட்டாங்க போல. நான் வெளியே போறேன். நீ உன் மனசுக்கு என்ன படுதோ அதைச் சொல்லு. எனக்காகப் பார்க்க வேண்டாம்.

— இருங்க. போகாதீங்க.

— அப்பாடா, இந்த ஆஸ்பத்திரியில லிஃப்டுன்னு ஒண்ணு இருக்கு, ஓடத்தான் மாட்டேங்குது. ஏம்மா, உன் புருஷன் லிஃப்ட் மெக்கானிக்தானே, முதல்ல அதை ரிப்பேர் பண்ணச் சொல்லு, என் முட்டி கழண்டுபோச்சு. எப்படி இருக்கே? பேசத் தெம்பு இருக்கா?

— இருக்கு மேடம்.

— சரி, சட்டுபுட்டுன்னு முடிச்சுக்கலாம். நர்ஸம்மா, நீங்க கொஞ்சம் வெளியே இருங்க. உங்களைப் பத்தித்தான் பேச்சு.

— அவங்க இருக்கட்டும் மேடம். மருந்து ஏறுது, கை வீங்கிடுது, யாராவது பார்த்துக்கிட்டே இருக்கணும்.

— சட்டப்படி இருக்கக்கூடாது.

— சட்டப்படி என் கை வீங்கலாமா மேடம்?

— வாய் உனக்குக் குறைச்சலே இல்ல. சரி, நர்ஸம்மா, அந்த மூலையில நில்லுங்க. ஒரு வார்த்தை பேசக்கூடாது, கண்ணைக்கூட காட்டக்கூடாது. ஏம்மா, இது என் ஃபோன்ல பதிவாகுது. யோசிச்சுப் பேசு. அன்னைக்கு இந்த நர்ஸம்மா வயித்துல மிஷின் வெச்சப்போ சத்தம் கேட்டுச்சா?

— கேட்டுச்சு.

— உன் மாமியாரும் அதைத்தான் சொல்றாங்க. அப்ப துடிப்பு இருந்திருக்கு.

— இருந்துச்சு. என்னோடது.

— உன்னோடதுன்னா?

— என் நெஞ்சு அடிச்ச சத்தம் மேடம். காய்ச்சல்ல அப்படி அடிச்சுது. வெளியே நின்னு கேட்ட அத்தைக்கு அது எப்படித் தெரியும்? சத்தம் கேட்டாங்க, அவ்வளவுதான்.

— உனக்கு மட்டும் எப்படித் தெரியும்? நீ டாக்டரா?

— சிஸ்டர் என் மணிக்கட்டைப் புடிச்சுப் பார்த்தாங்க. மிஷின்ல வர்றதும் கையில அடிக்கறதும் ஒண்ணா இருந்தா அது அம்மாவோடது. ஒண்ணாத்தான் இருந்துச்சு. வேணும்னா வேற எந்த நர்ஸைக் கேட்டாலும் சொல்லுவாங்க, அப்படித்தான் பார்க்கணும்னு.

— எந்தக் கையைப் புடிச்சாங்க?

— இடது கை.

— நல்லா ஞாபகம் இருக்கா? நீ ஜுரத்துல கிடந்திருக்கே.

— என் கை மேடம். யார் புடிச்சாங்கன்னு எனக்குத் தெரியாதா?

— அப்ப உன் புருஷன் எங்க இருந்தார்?

— மருந்து வாங்கக் கீழே போயிருந்தார்.

— அவரும் அதைத்தான் சொன்னார். சரி. இந்த நர்ஸம்மா உனக்கு என்ன உறவு?

— எங்க வீட்டுக்காரரோட மூத்த சம்சாரம். இப்ப இல்ல, முன்னாடி.

— உன் மேல பொறாமை, அதனாலதான் திட்டம் போட்டுச் செஞ்சுட்டாங்கன்னு உன் மாமியார் அடிச்சுச் சொல்றாங்க. இவங்களுக்கு உன் மேல பொறாமை இருக்கா, இல்லையா?

— இருக்கு. எனக்கும் அவங்க மேல இருக்கு. அதுக்கு ஏதாவது செக்‌ஷன் இருக்கா மேடம்?

— இருந்திருந்தா எங்க வீட்டுலயே பாதிப் பேரை நான் உள்ளே வெச்சிருப்பேன். கடைசியா ஒரு தடவை கேக்கறேன். யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கலையே?

— என்னை மிரட்ட எங்க அத்தையாலயே முடியலை மேடம்.

— சரிதான். இதுக்கு மேல நோண்ட எனக்கு ஒண்ணும் இல்ல. மேலதிகாரிக்கு இதை அனுப்பிடறேன், கேஸ் அநேகமா இத்தோட நிக்கும். நர்ஸம்மா, என்ன அப்படிச் செலையா நிக்கறீங்க? போய்த் தண்ணி குடிங்க. உடம்பைப் பார்த்துக்கோம்மா. வரேன்.

— போயிட்டு வாங்க மேடம். படி பார்த்து இறங்குங்க.

— போயிட்டாங்களா சிஸ்டர்?

— இறங்கிட்டாங்க.

— கதவைச் சாத்துங்க.

— சாத்திட்டேன். இரு, கொஞ்சம் உட்கார்ந்துக்கறேன். உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலைம்மா. என்னை நம்பினியே, அது போதும் எனக்கு. வேற எதுவும் வேண்டாம்.

— நம்பினேன்னு யார் சொன்னா?

— பின்னே?

— உயிரோட இருக்கேன். அந்த டீச்சர் இல்ல, நான் இருக்கேன். நீங்க அன்னைக்கு "இருக்கு"ன்னு சொல்லியிருந்தா நானும் ஜன்னலோரம் போயிருப்பேன். அதுக்காகச் சொன்னேன். அதோட அந்தக் கணக்கு தீர்ந்துபோச்சு.

— அது உன் சத்தம்தான்டி. ஒண்ணாத்தான் அடிச்சுது. கையைப் புடிச்சேன்னு சொல்றேனே, இன்னும் ஏன்...

— எங்க புடிச்சீங்க, அக்கா? என் ரெண்டு கையையும் அவர்தானே புடிச்சுக்கிட்டு இங்க உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்துட்டு அப்புறம்தானே நீங்க இல்லைன்னு தலையாட்டினீங்க?